பூசலார் கட்டிய கோயிலும் பல்லவன் கட்டிய கோயிலும்

திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயிலில் பூசலார் நாயனார் கருவறைக்குள்ளேயே, சுவாமிக்குப் பக்கத்தில் இருக்கிறார். அறுபத்துமூவரைப் பிராகாரத்தில் வரிசையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுசு. குருக்கள் லிங்கத்துக்குத் தீபாராதனை காட்டிவிட்டு, கையை அப்படியே நகர்த்தி நாயனாருக்கும் காட்டினார்.

ஊர் சென்னையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அரக்கோணம் போகும் மின்ரயில்கள் நிற்கும். திருமங்கையாழ்வார் பாடிய பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இங்கேதான். தாயாரின் பெயர் ‘என்னைப் பெற்ற தாயார்’. அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடவாவது அங்கேயும் போய்வர வேண்டும்.

இருதயாலீஸ்வரரிடம் இதய நோய்க்காக வேண்டிக்கொள்ள நிறையப் பேர் வருகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கையில் அர்ச்சனைத் தட்டு, கக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைல். “சாமி, நாளன்னைக்கு இவருக்கு ஆபரேஷன்” என்றார். “பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா” என்றார் குருக்கள். அவர் கணவருடைய நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு, டாக்டருடைய பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னார். கத்தி பிடிக்கப் போகிற கைக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ள அவருக்குத் தோன்றியிருக்கிறது!

பூசலார் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. எங்கே தேடியும் பொருள் கிடைக்கவில்லை. அதனால் மனசுக்குள்ளேயே கட்டினார். இதைச் சொல்லி முடித்ததும், “பார்த்தீர்களா, மனசு இருந்தால் போதும்” என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதை நிதானமாகப் படித்தால், பூசலார் அப்படிச் சும்மா நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரியும். பொருள் கிடைக்காதபோது அதை மனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடுகிறார். கருவிகளைத் திரட்டுகிறார். நல்ல நாள் பார்த்து, ஆகம முறைப்படி அடிநிலை இடுகிறார். ராத்திரியிலும் கண்மூடாமல் வேலை நடக்கிறது. அடித்தள வரிசையான உபானத்தில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக ஏறி, உச்சியில் தூபி வைத்து, சுண்ணச் சுதை பூசுகிறார். அப்புறம் கிணறு வெட்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளமும் தோண்டுகிறார்.

அந்தக் கிணற்றை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. மனக்கோயிலுக்குக் கிணறு எதற்கு? யாரும் கேட்கப் போவதில்லை, யார் கண்ணுக்கும் படப் போவதில்லை. ஆனால், நாளைக்கு இங்கே சுவாமிக்குத் திருமஞ்சனம் நடக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிற ஒருவருக்கு, தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கவலை வந்தே தீரும். ஆசை கோபுரத்தைப் பார்த்ததும் நின்றுவிடும். கிணறு வரைக்கும் போவது சங்கல்பம்தான். எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த இடம் புரியும். பிறர் கவனிக்கவே மாட்டார்கள் என்று தெரிந்த பகுதியை எப்படிச் செய்கிறோம் என்பதிலேயே, நாம் யாருக்காகச் செய்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

பூசலார் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் என்ற பல்லவ மன்னனும் தன் கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, நாள் குறித்திருந்தான். கனவில் சிவன் வந்து, “நாளை நின்றவூரில் பூசல் கட்டிய ஆலயத்துக்குப் போகிறேன், உன் நாளைப் பின்னால் வைத்துக்கொள்” என்றார். அந்தக் கற்றளி கைலாசநாதர் கோயில் என்றும், மன்னன் ராஜசிம்ம பல்லவன் என்றும் கொள்வது வழக்கம். அதனால் நின்றவூரிலிருந்து அரக்கோணம் வழியாகக் காஞ்சிக்கு ரயிலேறினேன்.

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மணற்கல் கோயில். மதிலை ஒட்டிச் சுற்றிலும் 58 சிறு சன்னிதிகள். மன்னனின் பட்டப்பெயர்கள் இருநூற்றுக்கும் மேல் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. வெறும் புகழாசை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இதே கோயிலின் வடமொழிக் கல்வெட்டு ஒன்று, கலியுகத்தில் அசரீரி கேட்டவன் என்று இவனைச் சொல்கிறது. அதையும் பெரியபுராணக் கனவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படிப் பார்க்கவே பிடித்திருக்கிறது.

கருவறையைச் சுற்றியிருக்கும் குறுகலான வழியில், குனிந்து தவழ்ந்து போகும்போது மன்னனைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கல்லை அடுக்கியவனிடம், நாளைக்கு வர மாட்டேன் என்று தெய்வமே சொன்னால் எப்படி இருந்திருக்கும்? அவன் கோபப்படவில்லை. நின்றவூருக்குப் போய், “பூசலார் கட்டிய கோயில் எங்கே?” என்று கேட்டான். அப்படியொரு கோயிலே இங்கே இல்லை என்றார்கள். அதற்குமேலும் விடாமல், பூசலாரையே நேரில் கண்டு, விஷயம் தெரிந்ததும் தரையில் விழுந்து வணங்கினான். தன் நாள் தள்ளிப்போனபோதும் இன்னொருவர் பக்தியைத் தேடிப் போனானே, அந்த ஒன்றுக்காகவே அவன் கட்டியதும் கடவுளுக்காகத்தான் என்று நம்புகிறேன்.

பூசலாரோ, மன்னன் வந்து போன பிறகும் குறித்த நேரத்தில் மனக்கோயிலில் சிவனைத் தாபித்து, நெடுநாள் பூசை செய்தார் என்கிறார் சேக்கிழார். ஐப்பசி அனுஷத்தில் அவருக்குக் குருபூசை. போக நினைப்பவர்கள் இரண்டு கோயிலையும் சேர்த்துப் பாருங்கள். நின்றவூரை முதலில் பார்த்துவிட்டுக் காஞ்சிக்குப் போங்கள்.