கொம்சொமோல்ஸ்காயாவிலிருந்து பூத்தொவோவுக்கு

'சோவியத் நாடு' இதழைக் கிழித்துப் பாடநோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை நான். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பிள்ளைகளும் அண்ணாந்து பார்க்கும் இளைஞர்களும் என் கணக்கு நோட்டின்மேல் வருடம் முழுக்க இருந்தார்கள். மாஸ்கோ போனதும் அவர்களைத் தேடித்தான் முதலில் கிளம்பினேன்.

கொம்சொமோல்ஸ்காயா மெட்ரோ நிலையம் திறந்தது 1935 மே 15-ஆம் தேதி. கொம்சொமோல் என்பது 1918-இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம். மெட்ரோ சுரங்கம் தோண்ட அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நிலையச் சுவரில் ஓவியர் லான்சரே செய்த பீங்கான் ஓவியத்தில் இன்றும் அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அதன் எதிரே நின்று இரண்டு மூன்று ரயில்களை விட்டுவிட்டேன்.

பழைய புத்தகக் கடை ஒன்றில் சுவரொட்டிகளின் மறுபதிப்புகள் கிடைத்தன. 'இளைஞர்களே, விமானங்களுக்கு!' என்றது ஒன்று. 1931-இல் கொம்சொமோல் விமானப் படையைத் தத்தெடுத்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்து இந்தச் சுவரொட்டியைச் செய்தவர் லாத்வியாக்காரரான குஸ்தாவ் க்ளூட்சிஸ். புகைப்படங்களை வெட்டி ஒட்டி உருவாக்கும் கலையில் அவர் பெரிய கை. அவருடைய 1930-ஆம் ஆண்டுச் சுவரொட்டியில் பல கைகள் சேர்ந்து ஒரே கையாக உயரும். படத்துக்காக அவர் விரித்துக் காட்டியது தன் சொந்த உள்ளங்கையை. அதைத்தான் வாங்கினேன். இத்தனை நம்பிக்கையைக் காசுக்காக மட்டும் யாரும் வரைந்துவிட முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

மறுநாள் மெட்ரோவில் நகரின் தெற்கு ஓரம்வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து பூத்தொவோவில் இறங்கினேன். 1937 ஆகஸ்டிலிருந்து 1938 அக்டோபர்வரை, ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுப் புதைத்த இடம். நீண்ட கல்சுவரில் சுட்ட நாள் வாரியாகப் பெயர்கள். க்ளூட்சிஸுக்கு 1938 பிப்ரவரி 26. மனைவி வாலென்டினா கூலகினாவும் சுவரொட்டி ஓவியர்தான்; கணவர் எப்படிச் செத்தார் என்ற உண்மையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மெட்ரோ தோண்டிய காலத்தில் கொம்சொமோலுக்குத் தலைவராக இருந்த கோசரெவையும் 1939-இல் சுட்டுவிட்டார்கள்.

ரஷ்ய எழுத்துகளைக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். பிப்ரவரி 26-இன் கீழ் ஒவ்வொரு பெயராகக் கூட்டிக்கொண்டே போனேன். க்ளூட்சிஸ் பெயர் வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். கல் சில்லென்றிருந்தது.