கூரை ஏ.சி. நின்றுபோனால் எவ்வளவு ஆகும்?

டெக்சாஸில் கோடை தொடங்கியதும், ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஏ.சி. குளிரவில்லை, எவ்வளவு செலவாகும்? 20 டாலர் என்றும் சொல்லலாம், 2,500 டாலர் என்றும் சொல்லலாம், இரண்டுமே நடப்பதுதான். குளிர்பதன வாயு ஓடும் செம்புக் குழாய்ச் சுற்றுக்கு உள்ளே பழுது ஏற்பட்டிருக்கிறதா, வெளியே ஏற்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே தொகை அமைகிறது. உள்ளே என்றால் அநேகமாகப் புதிய ஏ.சி.தான். வெளியே என்றால் பெரும்பாலும் ஒரு பாகத்தின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் மட்டுமே.

நம்மூர் வீட்டு ஏ.சி.யில் குளிர் குறைந்தால் மெக்கானிக் சிலிண்டருடன் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போவார். அந்தப் பழக்கத்தில் இங்கும் பலர் "கேஸ் அடித்தால் சரியாகிவிடும்" என்று எண்ணுகிறார்கள். ஆர்.வி.யின் கூரை ஏ.சி. அப்படி அமைக்கப்பட்டதன்று. தொழிற்சாலையிலேயே வாயு நிரப்பி, குழாய்களைப் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். வாயு நிரப்புவதற்கான வால்வே பெரும்பாலான மாடல்களில் இருக்காது. நிரப்பத்தான் வேண்டும் என்றால் குழாயைத் துளைத்துப் புதிதாக ஒரு வால்வு பொருத்த வேண்டும், கசிவைத் தேடிக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், அதன் பிறகே வாயுவை ஏற்ற வேண்டும். வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்கச் சட்டம் தடை செய்த செயல் என்பதால் சான்றிதழ் பெற்றவரே இதைச் செய்ய முடியும். பல ஊர்களில் ஆர்.வி. மெக்கானிக்கின் கூலி மணிக்கு 150 டாலரைத் தாண்டுகிறது. இவ்வளவும் செய்து முடிக்கையில் புதிய கருவியின் விலையில் பாதி போய்விடும், கசிவு திரும்ப வராது என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. பழைய ஆர்-22 வாயுவில் ஓடும் கருவி என்றால் யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் அந்த வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டன.

ஆனால் சுற்றுக்கு வெளியே இருக்கும் பாகங்கள்தாம் அடிக்கடி கெடுகின்றன. அவற்றில் முதலிடம் கெப்பாசிட்டருக்கு, அதாவது வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைக் கிளப்ப மின்னூட்டத்தைத் தேக்கித் தரும் சிறு பாகத்துக்கு. மின்விசிறி சுழல்கிறது, காற்றும் வருகிறது, குளிர் மட்டும் இல்லை. கம்ப்ரசர் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது அல்லது பிரேக்கர் விழுகிறது என்றால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழ வேண்டும். எங்கள் டிரெய்லரில் இதே அறிகுறிகள் தோன்றியபோது ஒரு பட்டறையில் மேலே ஏறிப் பார்க்காமலேயே "கம்ப்ரசர் போய்விட்டது" என்று சொல்லி, புதிய கருவிக்கு 2,000 டாலருக்கு மேல் விலை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு வண்டியை நிறுத்தித் தங்கியிருந்த முகாமுக்கே வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் மீட்டரை வைத்து அளந்து, கெப்பாசிட்டர் தன் அளவில் பாதிகூடக் காட்டவில்லை என்று கண்டுபிடித்தார். பாகத்தின் விலை 25 டாலர். அவர் வந்து போன கட்டணம்தான் அதைவிடப் பல மடங்கு. சொந்தமாக மாற்றத் துணிபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும், முறைப்படி அதை வெளியேற்றாமல் தொட்டால் பலமாக அடிக்கும். விசிறி மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பலகையும் ஒவ்வொன்றும் சுமார் 100 முதல் 250 டாலர் வரை; கூலியைச் சேர்த்தாலும் புதிய ஏ.சி.யைவிட மலிவு.

செலவே இல்லாத பழுதுகளும் உண்டு. அழுக்கேறிய ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்து உள்ளே குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் ஈரம் பனிக்கட்டியாக உறைந்துவிடும்; அதைக் கேஸ் குறைவு என்று தவறாகக் கணிப்பவர்கள் ஏராளம். கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டு, உருகிய பின் ஃபில்டரைக் கழுவிப் போட்டால் தீர்ந்தது. இன்னொன்று, உறிஞ்சும் காற்றும் வெளியேறும் குளிர்காற்றும் கூரைக்குள்ளேயே கலந்துவிடுவது. புதிய வண்டிகளிலும்கூட இந்த இடைவெளிகளை ஒழுங்காக அடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும், கருவிக்கு மிக அருகில் உள்ள துவாரத்தில் வெளிவரும் காற்றின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் ஏ.சி. தன் வேலையைச் சரியாகவே செய்கிறது; அப்படியும் வண்டி குளிரவில்லை என்றால் குழாய்வழியையும், நிழலற்ற கூரையையும், திரையில்லாத ஜன்னல்களையும்தான் குறை சொல்ல வேண்டும். அலுமினிய டேப் ஒரு சுருள் வாங்கி இடைவெளிகளை அடைப்பது போதுமான இடத்தில் 15,000 பி.டி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) கொண்ட பெரிய கருவியை வாங்கி ஏற்றுவது வீண்.

கம்ப்ரசர் உண்மையிலேயே செத்துப்போவதற்கு முகாம்களின் குறைந்த மின்னழுத்தமும் ஒரு முக்கியக் காரணம். கோடை விடுமுறை நாளின் பிற்பகலில், நிறைந்திருக்கும் முகாமில் எல்லோரும் ஏ.சி.யை ஓட்டும்போது 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 105க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. அந்த நிலையில் கம்ப்ரசர் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி அதன் மோட்டார்ச் சுருள் கருகுகிறது. அழுத்தம் குறைந்தால் தானாகவே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிக்கு 300 டாலர் கொடுக்க மனம் வராதவர்கள் புதிய ஏ.சி.யின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், கூரை மேல் அமரும் கருவி 13,500 பி.டி.யூ. அளவில் ஏறத்தாழ 700 முதல் 1,200 டாலருக்கும், 15,000 அளவில் அதைவிடச் சில நூறு டாலர் கூடுதலாகவும் கிடைக்கிறது. கூரைத் துளை பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம் என்பதால் எந்த நிறுவனத்தின் கருவியும் உட்கார்ந்துவிடும். ஆனால் உட்புறக் கூரைப் பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் அப்படிப் பொருந்துவதில்லை. டொமெட்டிக்கை எடுத்துவிட்டு கோல்மன் வைத்தால் அவ்விரண்டையும் சேர்த்து வாங்க நேரிடும், அதற்கு 200 முதல் 300 டாலர். பொருத்தும் கூலி 300 முதல் 600 டாலர் வரை போகலாம். 80 முதல் 100 பவுண்டு எடையுள்ள பெட்டியை ஏணி வழியாக ஏற்றுவது இருவர் சேர்ந்து செய்தாலும் ஆபத்தான வேலை என்பதால் இந்தக் கூலியை நான் குறை சொல்வதில்லை. ரப்பர் கேஸ்கட்டை மட்டும் பழையதையே வைக்க அனுமதிக்காதீர்கள். அங்கே நீர் கசிந்தால் கூரைப் பலகை உளுத்துப்போய் ஏ.சி.யின் விலையையே மிஞ்சும் செலவு வரும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, தேய்மானத்தால் நின்றுபோன ஏ.சி.க்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். டெக்சாஸ் ஆலங்கட்டி மழையில் அடிபட்டது என்றால், முழுமையான காப்பீடு எடுத்திருப்பவர் கோரலாம். ஆனால் நாமே ஏற்க வேண்டிய தொகை 1,000 டாலர் என்றிருந்தால் கையில் வருவது சொற்பம். குழாய்ச் சுருளின் மெல்லிய தகட்டுச் சிறகுகள் மடங்கியது மட்டுமே சேதம் என்றால், அவற்றை நிமிர்த்தும் 15 டாலர் சீப்பு ஒன்றை வாங்கி அரை நாள் உட்கார்ந்து நிமிர்த்திவிடலாம்.