அலைகரையில் எதை நடுவது

கார்த்திகை வந்தால் இலங்கையின் வடக்கு முழுக்க மரநடுகைதான். நல்ல விஷயம், நானும் போவேன். ஆனால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நகரத்துக்குள் இருக்கிற குளங்களில் எந்த மரத்தை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கையில் கிடைத்த கன்றைக் குளக்கட்டின் மேல் வைத்துப் படமெடுத்துவிட்டுப் போகிறோம். கட்டின் மேல் பெரிய மரம் நிற்கவே கூடாது. என்றோ ஒருநாள் அது பட்டுப்போய் வேர் உக்கினால், அந்த ஓட்டை வழியே தண்ணீர் கசிந்து கசிந்து குளக்கட்டையே உடைத்துவிடும்.

மரத்துக்குரிய இடம் அலைகரை. மாரியில் தண்ணீர் ஏறி, கோடையில் இறங்கிப்போகும் அந்தச் சரிவு. நகரத்தில் முதலில் பறிபோவதும் அதுதான்: கொஞ்சம் மண் கொட்டி நிரப்புவார்கள், பிறகு மதில், பிறகு நடைபாதை, அழகுக்குப் பூமரம். மதில் கட்டிய கரையில் தவளைக்கு ஏற இடமில்லை, கொக்குக்கு நிற்க இடமில்லை, வடிகாலில் வரும் சவர்க்காரத் தண்ணீரும் சேறும் தடையில்லாமல் நேரே குளத்துக்குள் இறங்குகின்றன. அதே இடத்தில் கோரையும் பன் புல்லும் நாலு பாகம் (ஏறக்குறைய இருபத்துநாலு அடி) அகலத்துக்கு நின்றால் சேறு அங்கேயே படியும், அழுக்கில் ஒரு பங்கையும் அவை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆகவே தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத்தான் நட வேண்டும். ஆழத்தில் தாமரையும் அல்லியும், அதற்கு மேல் கோரை, பன், அதற்கும் மேல் மருது, தண்ணீர் எட்டாத மேட்டில் புங்கை, நாவல், இலுப்பை. மருதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். ஐந்து செட்டை வைத்த அதன் காய் கோடையில் உதிர்ந்து, மாரி வெள்ளத்தில் மிதந்து, தண்ணீர் எட்டிய கோட்டில் சருகோடு சருகாக ஒதுங்கிக் கிடக்கும். பக்கத்தில் ஒரு தாய்மரம் இருந்தால் குனிந்து தேடுங்கள், தானாக முளைத்த கன்று அகப்படும். தனக்குச் சரியான மட்டத்தில் அது ஏற்கெனவே நிற்கிறது. அதைச் சுற்றி அலம்பலால், அதாவது வெட்டிய கிளைகளால், வேலி கட்டி, கட்டாக்காலி மாடுகள் மிதிக்காமல் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

தண்ணீரில் மிதந்து பரவும் களையான ஆகாயத்தாமரை இன்னொரு தலையிடி. இதை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் தனிச் சட்டம் போட்டார்கள், இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறோம். பெக்கோ இயந்திரத்தை இறக்கி ஒரே நாளில் வழித்தெடுத்தால் கோரையும் சேர்ந்து போய்விடுகிறது, மிஞ்சிய துண்டுகளிலிருந்து ஆகாயத்தாமரை மட்டும் திரும்பப் பரவுகிறது. கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதும், கழிவுநீரை மறிப்பதும்தான் வழி என்று நினைக்கிறேன்.

கடற்கரையிலும் கதை இதுதான். சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் பல இடங்களில் கண்டல் (அலையாத்தி) மரங்களை நட்டார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. நட்ட மட்டம் பிழை, கண்டல் இனம் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, மாடு மிதித்தது, நட்ட பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது, ஏனென்றால் முல்லைத்தீவின் நந்திக்கடல் நீரேரி ஓரத்திலும் நாம் இதையே செய்யக்கூடும். முல்லைத்தீவுப் பக்கத்து மணல்மேட்டைப் பிடித்து வைப்பதற்கு அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும் போதும், அவை அந்த மண்ணுக்கே உரியவை. சவுக்கு வேகமாக வளரும்தான், ஆனால் அது உதிர்க்கும் சருகு மூடிய இடத்தில் அடம்பன் படர்வதில்லை.

கன்று கொடுக்கும் அமைப்புகளிடம் இந்த முறை ஒன்று கேட்கிறேன். கன்றின் தொகையைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சக் காசை வேலிக்கும், சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தண்ணீர் ஊற்றும் ஆளுக்குச் சம்பளமாகவும் வையுங்கள். எந்தக் குளம் என்று முடிவானால் சொல்லுங்கள், மார்கழியில் தண்ணீர் எட்டும் கோட்டுக்குத் தடி ஊன்றி அடையாளம் வைக்க நான் வருகிறேன்.