லெந்து நாட்களும் ஒரு ஜாமீன் கையெழுத்தும்

மார்ச் 5, 2025, புதன்

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்கும் நாள். ஈஸ்டர் வரைக்கும் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் சபையில் அருணோதயப் பிரார்த்தனை. நாலரைக்கே அம்மா வந்து போர்வையை இழுத்து, "ஏலே, எந்திரி, மணி ஆச்சு" என்றாள். எழுபத்தெட்டு வயசு, ரெண்டு முட்டியும் போச்சு, ஆனாலும் எனக்கு முந்திச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

இந்த வருஷம் எதை விடப்போகிறேன் என்று மனைவி கேட்டாள். கறி, மீன் எப்போதும் விடுவதுதான், அதில் ஒன்றும் பெருமை இல்லை. காலையில் எழுந்ததும் போனைத் தொடுவதில்லை என்று சொன்னேன். சொன்ன அன்றைக்கே ஃபைனான்ஸிலிருந்து போன். கடன் வாங்கியவன் மூன்று தவணை கட்டவில்லையாம், ஜாமீன் போட்ட நான் கட்டவேண்டுமாம். மூன்றும் சேர்த்து 22,500 ரூபாய்.

மார்ச் 9, ஞாயிறு

லெந்து நாற்பது நாள் என்கிறோம், காலண்டரில் எண்ணினால் நாற்பத்தாறு வருகிறது. நடுவில் வரும் ஆறு ஞாயிறும் கணக்கில் கிடையாது. சின்ன வயதில் இதைக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிட்டாய் தின்னலாம் என்று அப்பாவிடம் வாதாடி அடி வாங்கியிருக்கிறேன்.

கோயிலில் அந்தக் கடன் வாங்கினவன் எனக்கு ரெண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஞாயிறு பள்ளியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவன், கடை வைக்கிறேன் என்று வந்து கேட்டபோது ஒரு வார்த்தை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். சிநேகிதனுக்காகப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தில் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது, எத்தனை தடவை வாசித்திருப்பேன்! பிரசங்கம் என்ன என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. முழு நேரமும் அவன் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், புதுச் சட்டை.

மார்ச் 18, செவ்வாய்

தெரிந்த வக்கீல் அண்ணனைப் பார்த்தேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் வாங்கினவனுக்கும் ஜாமீன்தாரனுக்கும் ஒரே பொறுப்புதானாம். "முதலில் அவனிடம் கேளுங்கள்" என்று நான் சொல்லவும் முடியாதாம். சரி. மனைவியின் வளையல் ரெண்டும் அடகுக்குப் போயின. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

நாலு நாளாக அருணோதயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். உண்மையில் கண் விழித்ததும் போனை எடுத்து அவன் வாட்ஸ்அப்பில் எப்போது கடைசியாக வந்தான் என்று பார்ப்பது, அப்புறம் அப்படியே ரீல்ஸ், அப்படியே ஆறு மணி. ஜெபிக்க அரை மணி நேரம் இல்லாதவனுக்கு இதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ.

மார்ச் 23, ஞாயிறு

சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். இதே ராத்திரி ஏழரைக்கு சேப்பாக்கத்தில் சென்னையும் மும்பையும். எங்கள் சபைப் போதகர் ஐயர் நீளமாக ஜெபிப்பவர். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஓவர் எண்ணினேன். பக்கத்து வீட்டில் சத்தம் எழும்பும்போதெல்லாம் விக்கெட்டா பவுண்டரியா என்று கணக்கு வேறு. சென்னை நாலு விக்கெட்டில் ஜெயித்தது. ஐயர் எந்த வசனத்தை எடுத்தார் என்று அம்மா கேட்டபோது முழித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ராத்திரி தூக்கம் வராமல் ஃபப்ரீஷியஸைப் பற்றி வாசித்தேன். 1740இல் ஜெர்மனியிலிருந்து வந்தவர், சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்தவர், வேதாகமத்தைத் தமிழில் மறுபடி மொழிபெயர்த்தவர். நாம் பாடுகிற ஞானப்பாட்டுகளில் பல அவர் ஜெர்மனிலிருந்து தமிழாக்கியவை. அதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாதது, அந்த மனிதர் வயதான காலத்தில் கடனில் மாட்டி, வருஷக்கணக்கில் சிறையில் கிடந்தது. பணத்தைக் கையாளத் தெரியாதவர் போல. 1791இல் எண்பது வயதில் செத்துப்போனார். இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதே இல்லை. பரிசுத்தவான்களைப் பற்றிப் பேசும்போது கடன் கணக்கை மட்டும் ஏன் எடுத்துவிடுகிறோம்? எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது.

காலையில் அருணோதயத்துக்குப் போனேன். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பாதி நேரம் தூங்கி வழிந்தேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓசன்னா பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார்கள். அவனுடைய மகள் ஓடிவந்து, "பெரியப்பா, எனக்கும் சிலுவை பண்ணித் தாங்க" என்று ஓலையை நீட்டினாள். பண்ணிக் கொடுத்தேன். அவன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கோபம் குறையவில்லை, ஆனால் முன்போல வசதியாகவும் இல்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ராத்திரி ஆராதனையில் கெத்செமனே பகுதி, இயேசு பிடிபடுவதற்கு முன் தோட்டத்தில் ஜெபித்தது. ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று ஆண்டவர் கேட்கிற இடத்தில் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. என்னவாக இருக்கும் என்று ஆராதனை முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் எடுத்ததும் எடுக்காததும் ஒன்றுதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, பன்னிரண்டிலிருந்து மூன்று. வெயில் கொளுத்தியது. முடிந்ததும் கஞ்சியும் துவையலும். வரிசையில் அவன் எனக்குப் பின்னால் நின்றான். துவையல் கரண்டியை அவன் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் போவதா வேண்டாமா என்று ராத்திரியெல்லாம் யோசனை. சகோதரனுக்கு உன்பேரில் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்றுதானே இருக்கிறது. குறை எனக்குத்தான் அவன்மேல், அவனுக்கு என்மேல் இல்லையே என்று வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். கடைசியில் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் போனேன். முழங்கால்படியிட்டபின் இந்தப் பக்கம் பார்த்தால் அவன்! எழுந்து வேறு இடத்துக்குப் போக முடியாது. அப்பத்துக்காக அவன் நீட்டிய கை நடுங்கியது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஏப்ரல் 23, புதன்

பணம் வரவில்லை. அடுத்த தவணை மே 5, நான்தான் கட்டவேண்டும். அருணோதயப் பிரார்த்தனை ஈஸ்டரோடு முடிந்துவிட்டது, கோயில் கதவு பூட்டிக் கிடக்கிறது. அம்மா இன்றைக்கும் நாலரைக்கு வந்து போர்வையை இழுத்தாள். லெந்து முடிஞ்சிட்டும்மா என்றேன். "அதுக்கு?" என்றாள்.