பதினைந்து கிலோவுக்குள் ஒரு குளிர்காலம்

செப்டம்பர் 7, சென்னை

டிக்கெட் போட்டாயிற்று. அக்டோபர் கடைசியில் நேபாளத்தில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடைப்பயணம், நானும் தம்பியும். உடம்பைத் தயார் செய்வது எப்படி என்று அவன் பெங்களூரிலிருந்து தினமும் பாடம் எடுக்கிறான். அந்தத் துறையை அவனிடமே விட்டுவிட்டேன். என் பொறுப்பு துணிமணி. வெளியே 34 டிகிரி அடிக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு மைனஸ் டிகிரிக்குச் சாமான் வாங்க வேண்டும். இங்கே போட்டுப் பார்த்தால் எந்த ஜாக்கெட்டும் நல்ல ஜாக்கெட்டுதான், எல்லாவற்றிலும் வேர்க்கிறது.

எவ்வளவு குளிர் என்று தோராயமாகக் கணக்குப் போட்டேன். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். காத்மாண்டு 1,400 மீட்டர். நாங்கள் தங்கப்போவதிலேயே உயரமான ஊர் கோரக் ஷெப், 5,164 மீட்டர். காத்மாண்டில் இரவு 10 டிகிரி என்றால் கோரக் ஷெப்பில் மைனஸ் 14. காற்றடித்தால் உடம்புக்கு அதற்கும் கீழே தெரியும்.

வழியெல்லாம் விடுதிகள் இருப்பதால் கூடாரம் தேவையில்லை. ஆனால் அறைகளில் ஹீட்டர் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் சாயங்காலம் அடுப்பு மூட்டுவார்கள், மேலே போகப் போக யாக் சாணிதான் விறகு. நடக்கிற நேரத்தைவிட உட்காருகிற, படுக்கிற நேரம்தான் அதிகம். என் பட்டியலை அங்கிருந்து தொடங்குகிறேன்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி: "மங்கி குல்லா வாங்கிட்டியா?"

செப்டம்பர் 14

வேளச்சேரிப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. "எவரெஸ்ட்டா மேடம்? அப்ப இதுதான்" என்று அங்கே இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டை விற்பனைப் பையன் எடுத்து நீட்டினான். வேண்டாம் தம்பி, முதலில் உள்ளாடை காட்டு என்றேன். ஏமாற்றம் முகத்திலேயே தெரிந்தது.

வழியில் வரும் நாம்சே என்ற ஊருக்கு ஏறும்போது வெயில் இருந்தால் டி-ஷர்ட்டோடு போகிறவர்களே நிறையப் பேர். ஏறும்போது உடம்பு தானாகச் சூடாகிவிடும். அந்த நேரம் தடி ஜாக்கெட்டைப் போட்டிருந்தால் உள்ளே எல்லாம் வேர்வையில் நனையும். பிறகு ஒரு முகட்டில் மூச்சு வாங்க நிற்போம், காற்று வரும், நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்திக்கு அங்கே வேலையில்லாமல் போவது இதனால்தான். வேர்வையைக் குடித்துவிட்டுக் காயவே காயாது.

மெரினோ கம்பளியில் முழுக்கை உள்சட்டை இரண்டு, கழுத்தில் பாதி ஜிப் வைத்த மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோல மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை) ஒன்று, தெர்மல் பேன்ட் ஒன்று வாங்கினேன். பாலியஸ்டர் தெர்மல் பாதி விலைதான், சீக்கிரம் காயும். ஆனால் இரண்டாம் நாளே நாறும். மெரினோ பல நாள் தாங்கும். கழுத்து ஜிப் சின்ன விஷயமாகத் தோன்றலாம். நிற்காமல், பையைக் கழற்றாமல் சூட்டை வெளியேற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

"அக்கா, பயணம் முழுக்க ரெண்டே சட்டையா?"

"டேய், அங்க குளிக்கிறதே சந்தேகம். சட்டை மாத்தி யாருக்குக் காட்டப்போற?"

செப்டம்பர் 22

இன்று டவுன் ஜாக்கெட் பற்றி மட்டும். உள்ளே இருப்பது வாத்து அல்லது கூஸ் பறவையின் அடிவயிற்றுத் தூவி. வெயிலில் போட்ட இலவம்பஞ்சுத் தலையணை உப்பிக்கொள்வது போல இதுவும் உப்பும், அந்த உப்பலில் மாட்டிக்கொள்ளும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நனைந்தால் எல்லாம் போச்சு. செயற்கை இழை வைத்த ஜாக்கெட் கனம் அதிகம், ஆனால் ஈரத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஜாக்கெட்டில் 650, 800 என்று பெரிதாக ஓர் எண் இருக்கும். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்பும் என்ற அளவு அது. தூவியின் தரம் அதில் தெரியும், உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. 800 தரத்தில் 80 கிராம் அடைத்ததைவிட 650 தரத்தில் 200 கிராம் அடைத்தது நன்றாகவே சூடு தரும். அந்த கிராம் கணக்கைப் பல கடைகளில் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை அடைத்து ஒரு கோட்டு தைத்துக்கொண்டு போனார். கம்பளியும் ட்வீடும் அணிந்த மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். அந்தப் பயணத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு சுமார் 8,320 மீட்டர் வரை ஏறியவர் அவர். இன்று அந்தப் பாதையில் அவர் கோட்டின் பேரப்பிள்ளைகளைப் போடாத ஆளே இல்லை.

முடிவு: தோலை ஒட்டிப் போடுவது, கால், கை, இவற்றுக்குக் காசு செலவழிப்பது. டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் காத்மாண்டில் வாடகைக்கு. சென்னைக்கு வந்து இரண்டும் பரணில் அமுங்கிக் கிடந்தால் உப்பல் செத்துவிடும், இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். மழைக்கும் காற்றுக்குமான மேல் ஜாக்கெட் மட்டும் சொந்தமாக. அது இங்கே நவம்பர் மழைக்கும் ஆகும்.

அக்டோபர் 2

ஷூ. சாயங்காலம்தான் வாங்கப் போனேன். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையில் இருப்பதும் அந்தக் கால்தான். தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோனேன். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். வழக்கமான அளவைவிட அரை சைஸ் பெரிது வந்தது.

இரண்டு தடி சாக்ஸ் போட்டால் இரட்டிப்புச் சூடு என்று நினைப்பார்கள். ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். விரல்களை உள்ளே தாராளமாக ஆட்ட முடிய வேண்டும், அதுதான் அளவுகோல்.

காலையில் பரங்கிமலைப் படிகளில் அந்த ஷூவோடு ஏறி இறங்குகிறேன். வாக்கிங் வரும் ஒரு பெரியவர் நின்று, "ஏம்மா, இந்த மலைக்கு இது போதுமா?" என்று கேட்டார்.

அக்டோபர் 9

சென்னையில் மைனஸ் 18 கிடைக்கும் ஒரே இடம் வீட்டு ஃப்ரீசர். அதனால் க்ளவுஸ் பரீட்சை அங்கே. ஐஸ் டிரேயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பிறகு அதே கையோடு ஜிப் இழுக்க வேண்டும், ஹெட்லாம்ப் பேட்டரி மாற்ற வேண்டும். மெல்லிய லைனர் க்ளவுஸ் வேலைக்குச் சரி, குளிருக்கு உதவாது. ஐந்து விரல் தடி க்ளவுஸ் இரண்டிலும் சுமார். விரல்கள் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் மிட்டன்தான் ஜெயித்தது. ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்கின்றன, ஆனால் ஜிப்பைக்கூடப் பிடிக்க முடியாது. ஆகவே லைனர் உள்ளே, மிட்டன் மேலே, மிட்டனில் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு. காற்றில் ஒரு மிட்டன் பறந்துபோனால் அங்கே இன்னொன்று யார் தருவார்கள்?

தம்பி ஒரு டஜன் கை சூடாக்கும் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறான். உள்ளே இரும்புத் தூள். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு வரும். கோரக் ஷெப்பில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், பாக்கெட்டுக்கும் நம்மைப் போலவே மூச்சு முட்டும். நான்கு போதும் என்றேன். சண்டை. ஆறில் நின்றது.

அக்டோபர் 16

நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் சின்ன விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ, பெட்டி 10, கைப்பை 5. அடுக்குவதும் எடை பார்ப்பதும் வெளியே எடுப்பதுமாக இருக்கிறேன். ஜீன்ஸ் போனது, இரண்டாவது டவல் போனது, பவர்பேங்க் ஒன்று போனது. மங்கி குல்லா இருக்கிறது. காது, பிடரி, தாடை மூன்றையும் மூடும் ஒரே சாமான் அதுதான், அழகு பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வாடகை ஸ்லீப்பிங் பேக்குக்குள் எத்தனை பேர் தூங்கியிருப்பார்களோ. அதற்கு உள்ளே விரிக்க ஒரு பட்டு உறை வேண்டும். கடையில் விற்கிறார்கள், விலை தலைசுற்றுகிறது. அம்மாவின் பழைய மைசூர் சில்க் புடவையில் சரிகைக் கரையை வெட்டிவிட்டு, பாக்கியை நீளமாக மடித்து, மூன்று பக்கம் தைத்துத் தரச் சொன்னேன். தையல்கடை அக்காவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "ஆளு உள்ள போறதுக்கா?" என்று இருமுறை கேட்டார். கைப்பிடிக்குள் அடங்குகிறது.

அக்டோபர் 22, காத்மாண்டு

தமேல் தெருக்களில் மலைச் சாமான் கடை இல்லாத சந்து இல்லை. உலகப் பிராண்டு அத்தனையின் லோகோவும் தொங்குகிறது, பெரும்பாலும் உள்ளூரில் தைத்தது. போலி என்றாலும் எல்லாமே மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஜிப்பை ஐந்தாறு முறை இழுத்துப் பார்த்தால், தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விலையைக் கேட்டதும் 1.6-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும், ஓர் இந்திய ரூபாய் 1.6 நேபாள ரூபாய்.

"தீதி, மைனஸ் இருபது!" என்று கடைக்காரர் ஸ்லீப்பிங் பேக்கைத் தட்டிக் காட்டினார். எந்த மைனஸ் இருபது? முறையாகச் சோதித்த பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் இருக்கும். பெண்களுக்குப் பொருந்துவது கம்ஃபர்ட், ஆண்களுக்கு லிமிட். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கும் கணக்கு, தூங்கும் கணக்கு அல்ல. பையில் பெரிய எழுத்தில் போடுவது எது என்று சொல்லத் தேவையில்லை.

வாடகைப் பையில் லேபிளே இருக்காது. அதனால் கட்டிலில் விரித்துப் போடச் சொல்லிவிட்டு டீ குடித்தோம். கால் மணி நேரத்தில் ஒன்று நன்றாக உப்பியது, இன்னொன்று பாய் போலவே கிடந்தது. உப்பியதைத் தூக்கிப் பிடித்து, தூவி ஒரு மூலையில் கட்டிபிடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். கால்பகுதியில் கொஞ்சம் வெறுமை, உதறினால் பரவியது. கழுத்தை இறுக்கும் கயிறு வேலை செய்கிறது. மோந்தும் பார்த்தேன். பட்டுப்புடவை இருக்கிறது, பரவாயில்லை. டவுன் ஜாக்கெட்டும் அங்கேயே. மேல் ஜாக்கெட்டுக்கு உள்ளே இறுகாமல் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன், அமுங்கினால் உப்பல் போய்விடும்.

அக்டோபர் 26, நாம்சே, 3,440 மீட்டர்

நேற்று ஏற்றம் முழுக்க ஒற்றை உள்சட்டைதான். உயரத் தொங்குபாலத்தின் நடுவில் மட்டும் காற்று அறைந்தது, மேல் ஜாக்கெட் வெளியே வந்தது, பாலம் தாண்டியதும் உள்ளே போனது. இந்தப் போட்டுக் கழற்றும் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. ஜாக்கெட் பையின் மேலேயே இருக்க வேண்டும், அடியில் இருந்தால் சோம்பல் வந்துவிடும்.

எங்கள் மூட்டையைச் சுமப்பவருக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லை என்பதை இன்று கவனித்தேன். புதுப் பனி, மேலே விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், ஒரு பகலில் கண் வெந்துவிடும். நாம்சே கடையில் பக்கவாட்டில் மூடிய கண்ணாடி ஒன்றும் க்ளவுஸும் வாங்கிக் கொடுத்தோம். நமக்கு இவ்வளவு பட்டியல் போடுகிறோம், மூட்டை தூக்குபவரிடம் என்ன இருக்கிறது என்று லுக்லாவிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அக்டோபர் 29, திங்போச்சே, 4,410 மீட்டர்

ராத்திரி ஜன்னலின் உள்பக்கம் பனி பூத்திருந்தது. பாட்டிலில் வென்னீர் வாங்கி, சாக்ஸுக்குள் போட்டு, பைக்குள் கால்மாட்டில் வைத்துப் படுத்தேன். அதுவே காலையில் குடிதண்ணீர். போன், கேமரா பேட்டரி, தண்ணீர் ஃபில்டர், நாளைய உள்சட்டை எல்லாம் பைக்குள் என்னோடுதான் தூங்குகின்றன.

விரல் நுனியெல்லாம் முள் குத்துவதுபோல இருக்கிறது என்று தம்பி பயந்துவிட்டான். மிட்டனை மாட்டிக்கொண்டு கை சூடாக்கும் பாக்கெட்டைப் பிரித்தான். குளிர் இல்லை, உயர நோய் வராமலிருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையின் வேலை. ராத்திரி எழுப்பி எழுப்பி வெளியே அனுப்புவதும் அதே மாத்திரைதான். கதவோரம் டவுன் ஜாக்கெட், தலைமாட்டில் ஹெட்லாம்ப், இதுதான் இப்போதைய ஏற்பாடு.

நவம்பர் 1, பெரிச்சே

விடிவதற்கு முன் கோரக் ஷெப்புக்கு மேலே இருக்கும் காலா பத்தர் குன்றில் ஏறிவிட்டு இவ்வளவு தூரம் இறங்கியாயிற்று. கோரக் ஷெப்பில் கிளம்பும்போது விடுதி வாசல் தெர்மாமீட்டர் மைனஸ் 13. தம்பி முதுகுப்பைத் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் குழாய் பத்தே நிமிடத்தில் உறைந்தது. என் பாட்டிலைத் தலைகீழாக வைத்திருந்ததால் வாய்ப்பக்கம் திறந்தே இருந்தது, ஐஸ் மேலிருந்துதானே பிடிக்கும்.

அவ்வளவு குளிரிலும் ஏறும்போது டவுன் ஜாக்கெட் தேவைப்படவில்லை. மூச்சு வாங்க இருபதடிக்கு ஒருமுறை நின்றாலும் உள்சட்டை, ஃப்ளீஸ், மேல் ஜாக்கெட் போதுமாக இருந்தது. உச்சியில் உட்கார்ந்ததும் நிலைமை மாறியது. சூரியன் வரக் காத்திருந்த நேரத்தில் எல்லாவற்றையும் போட்டும் தொடை நடுங்கியது. மேலுக்கு நான்கு அடுக்கு, காலுக்கு இரண்டே அடுக்கு. அடுத்து யாராவது கேட்டால் காற்றைத் தடுக்கும் மேல்பேன்ட் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன், எடையே இல்லை. மிட்டனைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்தேன், இரண்டாவது எடுக்க விரல் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குள் தம்பியின் போன் 40 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக அணைந்தது.

நாளை நாம்சே வரை இறக்கம். லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும், பாதம் முன்னால் வழுக்கினால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். தம்பிக்கு ஒன்று ஏற்கெனவே கறுத்தாயிற்று.