வள்ளியூருக்கு ஒரு கேள்வி, கல்லிடைக்குறிச்சிக்கு வேறொரு கேள்வி

நம்ம நெல்லை எம்.பி. மக்களவையில் பேசிய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றினால், அது பெரும்பாலும் பூஜ்ய நேரப் பேச்சுதான், அதாவது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரத்தில் பேசியது. ஓரிரு நிமிடம். அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. பின்வரிசை உறுப்பினருக்குக் கைகொடுப்பது யாரும் பகிராத நட்சத்திரக் குறியிடாத கேள்வி. நாளொன்றுக்கு 230 வரை ஏற்கிறார்கள், பதில் எழுத்தில் வரும். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி 20தான். குலுக்கலில் விழுந்தாலும், 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தில் நாலைந்தைத் தாண்டுவது அபூர்வம்.

நோட்டீஸ் குறைந்தது 15 முழு நாள் முன்னால் போக வேண்டும். 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஆனால் கேள்வி அடிபடுவது பெரும்பாலும் வாசக அமைப்பில். ‘தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைத் தடுக்க என்ன நடவடிக்கை?’ என்று கேட்டால், மாநில விவகாரம் என்று தள்ளிவிட வழி இருக்கிறது. ‘தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தில் தாமிரபரணிக்கு முன்மொழிவு வந்ததா, எந்தத் தேதியில், எவ்வளவு விடுவிக்கப்பட்டது?’ என்று கேட்டால் டெல்லி தன் கோப்பையே திறந்தாக வேண்டும்.

ரயிலில் இன்னொரு சிக்கல். கல்லிடைக்குறிச்சியும் அம்பாசமுத்திரமும் மதுரைக் கோட்டம். நாங்குநேரியும் வள்ளியூரும் திருவனந்தபுரம் கோட்டம். எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் திணித்தால் பதில் கூழாகத்தான் வரும். நிறுத்தம் கேட்டாலோ, ‘இயக்கச் சாத்தியம், வணிக நியாயம்’ என்ற ரயில்வேயின் பழைய பல்லவி. அதனால் முதலில் நிறுத்தம் கேட்கக் கூடாது. வள்ளியூரில் மூன்று வருஷ டிக்கெட் வருமானமும் பயணிகள் எண்ணிக்கையும் கேட்க வேண்டும். அவர்கள் கொடுத்த கணக்கை வைத்தே அடுத்த கூட்டத்தொடரில் நிறுத்தம் கேட்கலாம். முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும் இதே வழிதான்: தொழிலாளர் அமைச்சகத்திடம் ஒப்பளித்த மருத்துவர் இடம் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்க வேண்டும்.

 

பதில் வந்ததும் கடைசி வரியைப் பாருங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று இருந்தால் அது நழுவல் போலத் தெரியும். ஆனால் மக்களவை விதிப்படி அதை வாக்குறுதியாகக் கணக்கிட இடமுண்டு. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அவகாசம் நீட்டச் சொல்லிக் கேட்பதும் வழக்கம்தான். கண்காணிப்பது அரசு உறுதிமொழிக் குழு. கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, கெடு தாண்டிய மறுநாளே அந்தக் குழுவுக்கு உறுப்பினர் கடிதம் எழுதலாம்.