ஓடாத இன்ஜினுக்கு எதற்கு ஆயில் சர்வீஸ்?

"ஏன் மச்சான், பாதி நேரம் பேட்டரியிலேயே போகுது, இன்ஜின் ஓடுறதே இல்ல. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் ஆயில் மாத்தச் சொல்றாங்க?" லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கை கணவர் கேட்ட இந்தக் கேள்வியை, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் கொண்ட ஹைப்ரிட் கார் வாங்கிய வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய காரும் என்னுடைய காரும் ஒரே மாடல், 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் கொண்ட ஸ்ட்ராங் ஹைப்ரிட். நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வேலைக்காகப் புதுச்சேரிக்கும், அவ்வப்போது சென்னைக்கும் ஓட்டுகிறேன். அவருடைய வண்டியோ பள்ளிக்கூடம், நேரு வீதி, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. என் ஓடோமீட்டரில் ஏறியிருப்பதில் கால்வாசிகூட அவருடையதில் ஏறியிருக்காது. ஆனாலும் எங்கள் இருவரில் ஆயிலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியவர் அவர்தான் என்பது என் கருத்து.

காரணத்துக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஷோரூமில் ஹைப்ரிட் என்று காட்டப்படுபவை எல்லாம் ஒரே வகை அல்ல. மைல்டு ஹைப்ரிட்டில் வண்டி நகரும்போதெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சிக்னலில் அணைவதும், கிளம்பும்போது ஒரு சிறிய மோட்டார் கைகொடுப்பதும் மட்டுமே அதில் கூடுதல். அதற்கு ஆயில் கணக்கு சாதாரணக் காரின் கணக்கேதான். இங்கே நான் பேசுவது கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், சிட்டி இ:ஹெச்இவி என்று 2022-இல் தொடங்கி நம் சாலைகளில் பெருகிவிட்ட, மோட்டாரை மட்டும் கொண்டே நகரக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டிகளைப் பற்றி.

இன்ஜின் ஓயாமல் நின்று நின்று கிளம்புவதால் தேய்மானம் கூடிவிடும் என்பது பலருக்கும் முதலில் எழும் பயம். அந்தப் பயம் தேவையற்றது. சாதாரணக் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்கு 200, 300 சுற்று வேகத்தில் தள்ளித் தள்ளிக் கிளப்புகிறது. ஆயில் அழுத்தம் ஏறுவதற்குள் பேரிங்குகள் ஒன்றிரண்டு நொடி திண்டாடுகின்றன. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ் காரில் தொடங்கி டொயோட்டா பின்பற்றிவரும் அமைப்பில் தனியாக ஸ்டார்ட்டர் என்ற ஒன்றே கிடையாது. ஹைப்ரிட் அமைப்பின் வலுவான மோட்டார் ஒன்றே இன்ஜினை ஆயிரம் சுற்றை ஒட்டிய வேகத்துக்குச் சுழற்றிவிடுகிறது. அதன் பிறகுதான் பெட்ரோல் பாய்கிறது, தீப்பொறி விழுகிறது. ஆல்டர்னேட்டரும் இல்லை, கிளட்ச் பிளேட்டும் இல்லை. பழுதாகக்கூடிய பாகங்கள் பலவற்றை ஹைப்ரிட் எடுத்தே போட்டுவிட்டது என்பதால், நல்ல ஹைப்ரிட் ஒன்றின் இன்ஜின் அதே அளவுள்ள சாதாரண இன்ஜினைவிட நீண்ட நாள் உழைப்பதில் வியப்பில்லை.

ஆயிலுக்கு உண்மையான சிக்கல் வருவது சூட்டில்தான். அதிகச் சூட்டில் அல்ல, சூடு போதாமல் போவதில். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு, முழுதாக எரியாத பெட்ரோலோடும் அமில வாயுக்களோடும் சேர்ந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடாகி, அந்தச் சூட்டிலேயே அரைமணி நேரமாவது ஓடினால், இந்த ஈரமும் பெட்ரோலின் இலகுவான பகுதிகளும் ஆவியாகி, ஆயில் அறையின் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வு வழியாக மீண்டும் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்குப் போகும் வண்டியில் அதற்கு வாய்ப்பே அமைவதில்லை. இன்ஜின் சில நிமிடம் ஓடும், நிற்கும், ராஜீவ் காந்தி சதுக்கத்து நெரிசலில் வண்டி பேட்டரியிலேயே ஊரும், ஆயில் வெதுவெதுப்பிலேயே தங்கிவிடும். சோற்றுப் பானை மூடியின் அடியில் வேர்ப்பதுபோல இன்ஜினின் உட்சுவரில் ஈரம் வேர்த்து ஆயிலில் சேர்கிறது.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் அவருடைய வண்டியின் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தோம். மூடியின் உட்பக்க மரைகளுக்கு இடையே, பால் கலந்த காபி நிறத்தில் மெல்லிய பசை படிந்திருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுக்கவில்லை, பிசுபிசுத்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் இருந்த ஆயில் தெளிவாகவே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் லேசாகப் பெட்ரோல் வாடை. மூடியில் மட்டும் இப்படி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இன்ஜினிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்பதால் ஈரம் முதலில் அங்கே தங்கும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீர் ஆயிலில் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அதே வாரத்தில் திறந்து பார்த்த என் வண்டியின் மூடி துடைத்துவைத்தாற்போல இருந்தது.

இப்போது பம்புகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரி எல்லையான முல்லோடையைத் தாண்டி விலை குறைவாக நிரப்பிக்கொள்ளும் எங்கள் கடலூர்க்காரர்களுக்கும் அதே கலவைதான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆவியாக அதிக வெப்பம் கேட்கும் என்பதால் குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டர் சுவரை நனைத்துக் கீழே இறங்கும். இருந்தாலும் 78 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது. ஆயில் ஒருமுறை முழுச் சூட்டுக்கு வந்தால் பெரும்பாலும் போய்விடும். ஆக, இங்கும் கேள்வி வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதல்ல, எவ்வளவு நேரம் சூடாக ஓடியது என்பதே.

இதைத் தயாரிப்பாளர்களும் அறிந்தே எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் டர்போ இல்லாத பெட்ரோல் கார்களுக்கு டொயோட்டா சொல்லும் பொதுக் கணக்கு 15,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு. கடுமையான பயன்பாட்டுக்கு அது பாதியாகி 7,500 கி.மீ. அல்லது ஆறு மாதம் ஆகிறது. அந்தக் கடுமையான பயன்பாட்டுப் பட்டியலில் மலைப்பாதையோடும் புழுதிச் சாலையோடும், ஒரு தடவைக்கு 8 கி.மீ.க்கும் குறைவாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும் இடம்பெறுகிறது. மெதுவாக, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டுகிறேன், வண்டியை அலுங்காமல் வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படுபவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நம் நாட்டில் பொதுவாகக் காணப்படும் 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு என்ற கணக்கிலும், ஊருக்குள் மட்டும் ஓடும் ஹைப்ரிட்டைப் பொறுத்தவரை பின்பாதிதான் முக்கியம்.

அதே சமயம் பயமுறுத்தலுக்கும் அளவு வேண்டும். புதுச்சேரியில் தை மாதக் குளிர்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. பனி உறையும் ஊர்களில் ஆயிலில் சேரும் ஈரத்தில் சிறு பங்கே இங்கு சேரும். எனவே, 5,000 கி.மீ.க்கு ஒருமுறை கட்டாயம் மாற்றியாக வேண்டும் என்று சொல்லி, கூடவே இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் இன்ஜின் ஃபிளஷ் என்று ஒரு டப்பாவையும் பில்லில் ஏற்றும் கடைகளை நான் மதிப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் என் வண்டிக்குக் கையேட்டின் 10,000 கி.மீ. தாராளமாகப் போதும். தங்கை கணவரிடம் சொன்னது வேறு: கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும் ஓர் ஆண்டைத் தாண்டவிடாதீர்கள், அந்த ஓர் ஆண்டும் மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள், ஈரம் சேர்ந்த ஆயில் கோடை முழுவதும் உள்ளே கிடக்காது. மாதம் இரண்டு முறையாவது திண்டிவனம் பக்கமோ மரக்காணம் பக்கமோ ஒரே மூச்சில் ஓட்டிவரவும் சொன்னேன். அது ஈரத்தைப் போக்கும். அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் கலந்திருக்கும் காரப்பொருள் கரைந்துபோனதை மட்டும் எந்தப் பயணமும் திருப்பித் தராது. அதற்குப் புது ஆயில்தான் வழி.

அடுத்தது ஆயிலின் தடிமன். ஆயில் பெயரின் கடைசி எண் சிறிதாக இருந்தால், சூட்டில் அது மெல்லியது என்று பொருள். மெக்கானிக் ஷெட்டுகளில் 0டபிள்யூ-16 ஆயிலைக் கையில் ஊற்றிக் காட்டி, "சார், தண்ணி மாதிரி இருக்கு, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-40 ஊத்திடலாம்" என்று அக்கறையோடு சொல்வார்கள். அக்கறை உண்மையானது, கணக்குதான் தவறு. வெளியே வெயில் 40 டிகிரியாக இருந்தாலும் 25 டிகிரியாக இருந்தாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருப்பதால் சூடான இன்ஜினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பம்ப், பேரிங் இடைவெளி, ரிங் இழுவிசை எல்லாம் மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. நின்று நின்று கிளம்பும் இன்ஜினில் ஆயில் மேலே சட்டென்று ஏறுவதும் முக்கியம். டொயோட்டாவின் சில கையேடுகளே 0டபிள்யூ-16 கிடைக்காதபோது 0டபிள்யூ-20 ஊற்ற இடம் தருகின்றன. அதற்கு மேல் தடிப்பாகப் போக வேண்டாம். மறுபக்கமும் ஒன்று உண்டு. 150 டிகிரியில், பாகங்களுக்கு இடையே வேகமாக அரைபடும் நிலையில், 16 எண் ஆயிலுக்கு எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரம் கேட்கும் குறைந்தபட்சப் பாகுத்தன்மை 2.3 அலகு, 20 எண்ணுக்கு 2.6. மெல்லிய ஆயிலில் பெட்ரோல் கலந்தால் விட்டுக்கொடுக்க மிச்சம் அதிகமில்லை. மெல்லிய ஆயிலை ஏற்றுக்கொள்பவர், கெடு தாண்டுவதைக் கைவிட்டாக வேண்டும்.

ஆயில் மட்டுமே இன்ஜினைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு மூன்றாம் தலைமுறை பிரியஸ் நல்ல சாட்சி. 2009 முதல் வந்த அந்த 1.8 லிட்டர் இன்ஜின்கள் பலவற்றில், புகையை மீண்டும் உள்ளே அனுப்பும் இஜிஆர் கூலரில் கரி அடைத்து, கடைசியில் சிலிண்டர்களின் மேல்பகுதியை அடைத்து மூடும் ஹெட் கேஸ்கெட் போனது. சிலவற்றில் ரிங்குகள் ஒட்டிக்கொண்டு ஆயிலைக் குடித்தன. ஒழுங்காக ஆயில் மாற்றியவர்களும் தப்பவில்லை. எனவே இரண்டு சர்வீஸுக்கு நடுவே டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அவசியம். அளவு குறைந்தால் இன்ஜின் குடிக்கிறது. மேல் கோட்டைத் தாண்டி ஏறினால் பெட்ரோல் சேர்கிறது. சமதளத்தில், இன்ஜின் சூடாக ஓடி நின்று ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் ரெடி விளக்கு எரியும்போது பானெட்டுக்குள் கை வைக்கவே கூடாது. சத்தமில்லாமல் நிற்கும் இன்ஜின் பேட்டரி குறைந்தால் தானாகவே கிளம்பிவிடும்.

வெள்ளத்திலும் இதே குணம்தான் ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, தெருவில் நின்ற வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய ஹைப்ரிட்டை, கிளம்புகிறதா பார்ப்போம் என்று பட்டனை அழுத்துவது மிகப் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால், ஸ்டார்ட்டரைவிடப் பல மடங்கு வலுவான மோட்டார் அதை எதிர்த்துச் சுழற்றி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். பட்டனைத் தொடாமல் முன்சக்கரங்களைத் தூக்கி, சக்கரம் சுழலாதபடி இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்; சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். சர்வீஸ் சென்டரில் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதோடு, காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கக்கூடிய டிரான்ஸாக்ஸிலின் (மோட்டார்களும் கியர்களும் இருக்கும் பெட்டி) ஆயிலையும் வடித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான சர்வீஸ் பட்டியலில் அது இருக்காது.